முன்னால் போகிறவன்

செப்டம்பர் 11, ஹாக்கர்

நாளை எங்கள் ஒரு வார மலைநடை ஆரம்பம். இன்று முழுக்க மண் சாலையில் ஜீப்பில் அலைந்து, போகும் வழியில் தண்ணீர் வைத்துவிட்டு வந்தோம். இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. ஃப்ளிண்டர்ஸ் மலை ஓடைகளில் கூழாங்கல்தான் கிடக்கிறது. நடைபாதை சாலையைக் கடக்கிற இடத்தில் ஒரு கேன் ஒளித்து வைக்காவிட்டால் பாதி வழியில் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான். வெளியில் வைத்தால் காக்கைகள் கொத்திப் பொத்தல் போட்டுவிடும். ஓடையோரம் நிற்கிற பெரிய யூக்கலிப்டஸின் வேர்ப்பொந்தில் தள்ளி, கல்லை அடுக்கி மூடினேன்.

"எங்க வெச்சிருக்கேன்னு இறங்கி ஒரு தடவ பாத்துக்கோ, நெவில்."

அவன் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. "நீதான் கூட வரப்போறியே பெவ், எனக்கெதுக்கு?"

கூட! கல்யாணமாகி முப்பது வருஷமாக எந்த மலையில் கூட நடந்திருக்கிறான்?

எங்கள் அடிலெய்டு வீட்டை விற்றுவிட்டு, கேரவன் வண்டியிலேயே குடியிருந்து நாட்டைச் சுற்ற வேண்டுமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதே பேச்சு. வீட்டுத் தரகர் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். நடை முடிந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறேன். மிச்ச ஆயுளை இவனோடு ஒரு பெட்டிக்குள் ஓட்ட முடியுமா? நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 12

குதிகாலில் கொப்புளம். அவனிடம் சொல்லவில்லை. எங்கே சொல்வது, ஆள் பக்கத்தில் இருந்தால்தானே.

செப்டம்பர் 13

ஒவ்வொரு முகட்டிலும் இதே கூத்து. அவன் முன்னால் போய் நிழலில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, முந்திரி கொறித்து, சாவகாசமாக மலையை ரசிக்கிறான். நான் மூச்சிரைக்க மேலே வந்ததும், "வந்துட்டியா? கிளம்பலாம்!" என்று பையை மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு அரைமணி ஓய்வு. எனக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமில்லை.

பின்தங்கி வருகிறவரும் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் - எங்கள் நடைக் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பதே நெவில்தான். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். நானும்தான் ஆட்டியிருக்கிறேன், மடச்சி.

"இப்படி ஆடி அசைஞ்சு வந்தா எப்பப் போய்ச் சேர்றது?" என்கிறான். டெண்டும் அடுப்பும் என் முதுகில் இருப்பது மறந்துபோச்சு போல.

செப்டம்பர் 14

மத்தியானம் எதிரே ஒரு தாடிக்காரர் வந்தார். நின்று பேசினார்.

"தனியாவாம்மா நடக்கறீங்க?"

"இல்லீங்க, என் புருஷன் முன்னால போறான். சிவப்புத் தொப்பி. பாத்திருப்பீங்களே?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அவரா? தண்ணி வேணுமான்னு கேட்டேன். 'நான் ஒருத்தன்தானே, தாராளமா இருக்கு'ன்னாரே..." அப்புறம் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "பாத்துப் போங்கம்மா" என்று நகர்ந்தார்.

ஒருத்தன்தானே.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். என்னை மறைக்கணும்னுகூட அவனுக்குத் தோணல. அந்த நேரத்துல நான் ஞாபகத்துலயே இல்ல. அவ்வளவுதான்.

சாயங்காலம் சூப் வைத்துக் கொடுத்தேன். உப்பு கம்மி என்றான்.

செப்டம்பர் 15

தண்ணீர் வைத்த இடம் வந்தது. ஓடை மணலில் அவன் பூட்ஸ் தடம் நேராகத் தாண்டிப் போயிருந்தது. மரத்தடியில் நின்ற அடையாளமே இல்லை. எங்கே வைத்தேன் என்று தெரிந்தால்தானே நிற்பான்?

கல்லைத் தள்ளி, கேனை இழுத்து, வயிறு நிறையக் குடித்தேன். பூட்ஸைக் கழற்றினேன். காலை நீட்டி உட்கார்ந்தேன். மேலே கணவாயில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட வைத்திருக்கிற விசில் என் கழுத்தில் தொங்கியது. ஊதவில்லை. அவன் பாட்டில் காலியாகியிருக்கும் என்று மனசு பதறத்தான் செய்தது. ஆனாலும் ஊதவில்லை.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தான். உதடு வெடித்திருந்தது.

"பைத்தியமா உனக்கு? மேல எவ்வளவு நேரமா காத்துக் கெடக்கேன்! ஒரு விசில் அடிச்சா என்ன?"

"உன் பங்கு கேன்ல இருக்கு."

அவன் பையை இறக்கி, அப்பாடா என்று மரத்தில் சாய்ந்தான். நான் எழுந்து என் பையை மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து எடுத்து வைத்த டெண்டும் அடுப்பும் கல்மேல் இருந்தன.

"வந்துட்டியா? நான் கிளம்பறேன்."

"எங்க? பாதை அந்தப் பக்கம்!"

"நான் ரோட்டுல போறேன்."

"நடை இன்னும் முடியலையே பெவ்!"

"எனக்கு முடிஞ்சிருச்சு."

திரும்பிப் பார்க்காமல் சாலையோடு நடந்தேன். பொழுது சாய்வதற்குள், ஆட்டுப்பண்ணைக்குத் தீவனம் ஏற்றிப் போன ஒரு பெண் என்னைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டாள்.

செப்டம்பர் 19, அடிலெய்டு

தரகரிடம் வீட்டை விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை.

சாயங்காலம் நெவில் போன் செய்தான். நடையை முடித்துவிட்டானாம். பிறகு, "அன்னைக்கு நீ இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தா நானும் கூட வந்திருப்பேன்ல பெவ்?" என்றான்.

போனை வைத்துவிட்டு, குதிகாலுக்கு மருந்து போட்டேன்.