மாற்றுச் சாவி

ஜூன் 4

அன்பு மனைவிக்கு,

பிப்ரவரியிலேயே உன் மணிக்கட்டு முறிந்ததும், பரிசோதனையில் எலும்பெல்லாம் மெலிந்திருப்பதாகச் சொன்னதும், நம் பெரியவள் போன் போட்டுத்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? நாலு தெரு தள்ளித்தானே இருக்கிறேன்.

கட்டட வேலையை மேற்பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரு தூண் பலவீனமானால் முதலில் அதன்மேல் இருக்கும் பாரத்தை இறக்குவோம். உனக்கும் அதேதான். தையல் கூடத்து வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. கீழ் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. படி ஏற வேண்டாம், வாளி தூக்க வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திரு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தனியாக விழுந்து கிடந்தால் உன்னை யார் தூக்குவார்கள்? நீ தனி வீடு பார்த்துப் போனபோது பெரியவள் என்னிடம் கொடுத்து வைத்த மாற்றுச் சாவி பத்திரமாக இருக்கிறது. எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

உன் நன்மையையே நினைக்கும்,
கணவன்

ஜூன் 9

வீட்டுக்காரருக்கு வணக்கம்.

போனில் பேசினால் பாதியில் குறுக்கே விழுவீர்கள். கடிதத்தில் அது முடியாது. அதனால் நானும் எழுதுகிறேன்.

"பேசாம உட்காரு" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் காது புளித்துத்தானே தனியாக வந்தேன்? அதையே வைத்தியமாகச் சொல்கிறீர்களே, நியாயமா? டாக்டர் மாத்திரையும் கொடுத்தார், உட்கார்ந்தே இருந்தால் எலும்பு இன்னும் கரையும் என்றும் சொன்னார். எலும்பு சிமெண்டு இல்லையாம். தாங்குகிற அளவு பாரம் கொடுத்தால்தான் உறுதிப்படுமாம். உங்கள் தூண் கணக்கு என் உடம்பில் செல்லாது.

மணிக்கட்டு கூடிக் கட்டுப் பிரித்ததிலிருந்தே ஆஸ்பத்திரி மாடியில் உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். சுவரில் கை ஊன்றித் தள்ளுகிறோம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறோம். வீட்டில் பாத்திரம் கழுவும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன். யூனிஃபார்ம் வெட்டி மிஞ்சிய துணியில் மணல் பை தைத்து இரண்டு கையிலும் தூக்குகிறேன். தையல் கூடத்தில் எனக்கு இப்போது "பயில்வான் அக்கா" என்று பெயர். முதுகை வளைத்துக் குனிவது மட்டும் கூடாது. கொஞ்சம் கூன் போட்டாலும் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு புருவத்தைத் தூக்குவாள், வகுப்பே நிமிர்ந்துவிடும்.

அடுத்த பாடம் தரையிலிருந்து தானாக எழுவது. படுத்து, பக்கவாட்டில் புரண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். யார் தூக்குவார்கள் என்று கேட்டீர்களே, நானே எழுவேன்.

வெள்ளையடித்த அறையில் உங்கள் பழைய வரைபடங்களை அடுக்குங்கள்.

இப்படிக்கு,
பயில்வான்

ஜூன் 22

அன்பு மனைவிக்கு,

நேற்று நான் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெல் அடிக்காமல் சாவி போட்டுத் திறந்ததற்கு நீ முறைப்பாய். ஆனால் நீ தரையில் கிடந்தாய். பக்கத்திலேயே நாற்காலி. அதிலிருந்துதான் விழுந்திருக்கிறாய். பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி உட்கார வைத்தேன். "பேசாம உட்காரு, நான் இருக்கேன்ல" என்றதும் உன் கண்ணில் தண்ணீர். பயத்தில் உனக்குப் பேச்சே வரவில்லை, பாவம். கையை நீட்டி வாசலைக் காட்டினாய். வீட்டுக்குப் போகலாம் என்கிறாய், புரிந்துகொண்டேன்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி உன்கூட இருப்பதாகச் சொன்னதால், உடனே ஏற்பாடு செய்யப் புறப்பட்டேன். வெள்ளிக்கிழமை சாமான் ஏற்ற வண்டி வரும். என் பழைய மேஸ்திரி கட்டிலைக் கழற்றித் தருவான். பெரியவளிடமும் சொல்லிவிட்டேன்.

உன் கணவன்

ஜூன் 23

வீட்டுக்காரருக்கு,

வண்டியை நிறுத்துங்கள்.

நான் விழவில்லை. பயிற்சிக்காக நானே படுத்தேன். புரண்டு முடித்து முட்டி போடப் போன நேரத்தில் வந்து தூக்கினீர்கள். விலா எலும்பில் விரிசல், எக்ஸ்ரேயில் தெரிகிறது. மூச்சு விட முடியாததால்தான் பேசவில்லை. கண்ணீர் வந்தது வலியில். வாசலைக் காட்டியது உங்களை வெளியே போகச் சொல்லி.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது. கெட்ட எண்ணம் என்றால் ஒரு சண்டையில் தீர்ந்திருக்கும். உங்கள் நல்ல எண்ணத்தோடு எவ்வளவு காலம்தான் சண்டை போடுவது?

சாவியைத் திருப்பிக் கொடுங்கள். விலா கூடியதும் மறுபடியும் தரையில்தான் படுப்பேன்.

உங்கள் மனைவி

ஜூலை 2

உனக்கு,

வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்ட மேஸ்திரியிடம், விலாவை உடைத்ததே நான்தான் என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

சாவியை உறைக்குள் போட்டு ஒட்டினேன். பிறகு பிரித்து எடுத்துவிட்டேன். அதையும் கொடுத்துவிட்டால் உன் வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது? வலி எப்படி இருக்கிறது என்று கேட்கவும் வாய் வரவில்லை. உண்மையாகவே விழுந்தால் என்ன செய்வாய்? அதற்கு மட்டும் பதில் சொல், கொடுத்துவிடுகிறேன்.

கணவன்

செப்டம்பர் 18

வீட்டுக்காரருக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டதற்கு இத்தனை நாள் என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

காலையில் சமையலறை ஈரத்தில் கால் வழுக்கியது. இந்த முறை உண்மையாகவே விழுந்தேன். போன் மேஜைமேல் இருந்தது. மறைப்பானேன், கொஞ்ச நேரம் அழுதேன். நீங்கள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்காதா என்றுகூடக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பிறகு கை, கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. புரண்டேன். முட்டி போட்டேன். நாற்காலி வரை தவழ்ந்து, பிடித்து, எழுந்தேன். யாரும் தூக்கவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் கட்டியிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை. மதியம் வேலைக்குப் போய் வெட்டும் மேஜை முன்னால் நின்றேன். பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது இரண்டு புருவத்தையும் தூக்கினாள். அவளிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

விலா கூடிவிட்டது. சாவி உங்களிடமே இருக்கட்டும், வேலை முடிந்து வந்ததும் நான் பூட்டை மாற்றிவிட்டேன். புதுப் பூட்டின் இன்னொரு சாவி பக்கத்து வீட்டுக்காரியிடம் இருக்கிறது. நான் குரல் கொடுத்தால் திறப்பாள், என்னைக் கேட்காமல் தொட மாட்டாள்.

உங்களை வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தால் பெல் அடியுங்கள். நான் தரையில் இருக்கலாம், கொஞ்சம் நேரமாகும். அதுவரை வாசலில் பேசாமல் நில்லுங்கள். நானே எழுந்து வந்து திறக்கிறேன்.

பயில்வான்