விட்டெழுதிய ஒரு வாக்கியம்

1930 மே 3, சனி

காலையிலிருந்தே புழுக்கம். பென்சில் ஆறு சீவியாயிற்று. நோட்டு இரண்டு.

மாலை கடற்கரையில் உப்பு வரியை எதிர்த்துக் கூட்டம். போலீஸ் தரப்பில் சுருக்கெழுத்துக்கு எப்போதும் இரண்டு பேர் போவோம். இன்று மற்றவருக்குக் காய்ச்சல், நான் மட்டும். பேசுவோர் பட்டியலில் மூன்றாவது பெயர் சூசை. செசிலியின் அண்ணன், என் மச்சான். சாந்தோமில் வாத்தியார்.

போன வாரம்தான் எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே என்னோடு சண்டை. நீலகிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கப்போகிறார்கள், நம் தெருவுக்கும் வரும் என்றேன்.

"வரும் மாப்ளே. லஸ் பங்களாவுக்கெல்லாம் வந்துட்டு அப்பால வரும். அதுவரிக்கும் என் தங்கச்சி மண்ணெண்ணெய்க்கு வரி கட்டிக்கினு இருக்கணும்."

மே 4, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்.

நேற்று சூசை மேடை ஏறியதும் கீழே என் மேஜையைப் பார்த்தார். "இன்னா மாப்ளே, பென்சில் கூரா கீதா?" கூட்டமே சிரித்தது. பிறகு வகுப்பில் சொல்வதெழுதுதல் போடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். என் பென்சில் நின்ற பிறகே அடுத்த வாக்கியம். எனக்காகத்தான். உப்பு, மண்ணெண்ணெய், அந்நியத் துணி. எல்லாம் மற்றவர்கள் பேசுவதே. கடைசியில், "வரி கட்டாதீர்கள், வரி கேட்கும் சர்க்காரையே ஒழித்துக்கட்டுங்கள்" என்றார். அதற்கும் காத்திருந்தார். கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

இன்று படியெடுக்கும்போது அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். நோட்டில் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டு, வேறு தாளில் அது இல்லாமல் எழுதிச் சேர்த்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. என் குறிப்பில் இல்லாதது கோர்ட்டில் இல்லை.

செசிலியிடம் சொல்லவில்லை. சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லிவிடுவாள். என் வேலை போகும், வழக்கும் வரும்.

மே 7, புதன்

வாங்க: அரிசி, விளக்குத் திரி, மண்ணெண்ணெய் இரண்டு புட்டி (ஒன்று சூசை வீட்டுக்கு).

சூசையை வகுப்பிலிருந்தே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "உங்க பென்சிலுதானே எங்கண்ணனப் புடிச்சிக் குடுத்துச்சி?" என்றாள் செசிலி. அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

மே 13, செவ்வாய்

கோர்ட். ஜன்னலெல்லாம் திறந்தும் வேர்வை. குறிப்பைப் படித்தேன். இதில் பெரிதாக ஒன்றுமில்லையே என்றார் மாஜிஸ்ட்ரேட். இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கியது. எனக்கு உயிர் வந்தது.

குறிப்பு சரிதானா என்று மாஜிஸ்ட்ரேட் சூசையைக் கேட்டார்.

"ஒரு வாக்கியம் விட்டுப் போயிருக்குங்க" என்றார் சூசை. அதை முழுக்கச் சொன்னார். வார்த்தை வார்த்தையாக. கோர்ட் முழுக்க என் பக்கம் திரும்பியது.

"எழுதினவரு மேல தப்பு இல்லீங்க. அந்த எடத்துல நான்தான் ரொம்ப வேகமாப் பேசிட்டேன்."

ஆறு மாசம், கடுங்காவல்.

என்ன பிடிவாதம் இது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்திருக்கலாம். கோபம் கோபமாக வருகிறது. போகும்போது என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் ஏதாவது உளறிவிடுவேன் என்று தெரியும் அவருக்கு.

மே 14, புதன்

மேகம் மட்டும், மழை இல்லை. இன்ஸ். கூப்பிட்டு, வேகம் போதாது, இன்னும் பழகு என்றார். அவ்வளவுதான். சனிக்கிழமை மறுபடி கடற்கரை.

மத்தியானம் சோறு போடும்போது செசிலி பேசினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு. கோர்ட்டுக்குப் போன யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கண்ணன் வேகமாப் பேசிட்டேன்னு சொல்லிச்சாமே?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு அ, ஆ சொல்லிக் குடுத்ததே அதுதான். அதுக்கு வேகமாப் பேசவே வராதுங்களே."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அழ ஆரம்பித்தாள். நானும்.