முழுக் கட்டையும் திருப்பு

ஜனவரி 9

இன்றோடு ஐம்பத்து மூன்று. வாழ்த்தியவர்கள்: மெத்தைக் கடை, முடி வளர்க்கும் எண்ணெய்க் கம்பெனி, என்றோ ஒரு முறை செருப்பு வாங்கிய கடை. "அன்புத் தோழியே" என்று கூப்பிட்டது செருப்புக் கடைதான்.

மெயிலில் அறுபதுக்கு மேல் குவிந்து கிடந்தது. மேலாக ஐந்தைப் பார்த்தேன். ஐந்தும் குப்பை. ஆலையில் சட்டைக்கட்டு என் செக்கிங் மேசைக்கு வந்தால் என்ன செய்வேன்? மேலே எடுத்த ஐந்தில் மூன்று பழுதென்றால் மீதியைப் பிரிக்கவே மாட்டேன். சிவப்புச் சீட்டு ஒட்டி முழுக் கட்டையும் திருப்பிவிடுவேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். அதே கையோடு எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'குப்பை' பொத்தானை அழுத்தினேன். பெட்டி பளிச்சென்று ஆனது. நிம்மதி.

ஜனவரி 10

பெட்டி காலி. நிம்மதி என்று எழுதியது பொய்.

ஜனவரி 25

தங்கை எழுதவில்லை. அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. அன்று போனில் அவளிடம் கத்தியது நான்தான். "கடைசி வரைக்கும் உன் பேரையே சொன்னாங்க, நீ டிக்கெட் கிடைக்கலைங்கற! இனிமே எனக்குப் போன் பண்ணாதே. எதுவா இருந்தாலும் எழுத்துல போடு." ஆத்திரத்தில் வந்த வார்த்தை. அதற்காக ஒரு வரி கூடவா போடமாட்டாள்? கல்நெஞ்சக்காரி.

தினமும் வேலை விட்டு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், மெயிலைத்தான் திறக்கிறேன். இதை யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 11

'உங்கள் பிரவுசர் பழையது, எல்லா வசதியும் வராது' என்று மெயில் பக்கம் மாதக் கணக்கில் புலம்புகிறது. வந்த கடிதங்களின் வரிசை மட்டும்தான் தெரிகிறது. இன்று ஆலைக் கணினிக்காரரைக் கேட்டேன். எது நின்றாலும் 'வைரஸ்' என்று சொல்வதால் அவருக்கு வைரஸ்காரர் என்றே பெயர்.

"ஏம்மா, இதையா இன்னும் வச்சிருக்கீங்க? செஞ்சவங்களே கைகழுவிட்டாங்களே! மூணு எழுதித் தரேன், போட்டுப் பாருங்க. எது தோதோ அதை வச்சுக்குங்க."

பிப்ரவரி 14

முதல் பிரவுசர்: ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் பெயர் என்ன, போன் நம்பர் என்ன, எங்கே இருக்கிறாய் என்று குடைகிறது. வந்த அன்றைக்கே வீட்டுச் சாவி கேட்கிற விருந்தாளி. தூக்கிவிட்டேன்.

இரண்டாவது: எழுத்து எறும்பு மாதிரி. மெயில் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது.

'சாவி கேட்கிற விருந்தாளி' என்று எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். தங்கை கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 19

எதிர்வீட்டு நர்ஸம்மா படிக்கட்டில் நிறுத்தினாள். "உங்க ஜாடையிலேயே ஒருத்தங்க மத்தியானம் கீழே நின்னாங்க. யாரு வேணும்னு கேட்டேன், ஒண்ணுமில்லைன்னு போயிட்டாங்க. உறவா?"

எனக்கு ஏது உறவு என்றேன்.

பிப்ரவரி 21

மூன்றாவதைப் போட்டேன். எழுத்து பெரிது, கேள்வி கிடையாது. மெயில் முழுசாகத் திறந்தது. இடது பக்கம் நான் பார்த்தே இராத ஒரு பட்டியல். அதில் 'குப்பை - 212'. முப்பது நாளானால் தானாக அழிந்துவிடுமாம். சும்மாதான் திறந்தேன்.

மெத்தை, எண்ணெய், செருப்பு - நடுவில் தங்கை பெயர். பிப்ரவரி 2.

"அக்கா, இது அஞ்சாவது. நீ சொன்ன மாதிரி எழுத்துலதான் போடறேன். பதினேழாம் தேதி வரேன், இருபது வரைக்கும் இருப்பேன். வான்னு ஒரு வார்த்தை போடு, வீட்டுக்கு வரேன். போடலைன்னா உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

ஐயோ. இன்னைக்கு இருபத்தொண்ணு. கீழே நின்னது அவதான். என் பிறந்தநாளுக்குப் போட்டிருப்பா, அந்தக் கட்டுலதான் அதுவும் இருந்திருக்கும். மெயிலுக்கு நானே குப்பைன்னு சொல்லிக்கொடுத்தேன், அன்னையிலேர்ந்து அவ எழுதினதையெல்லாம் அது அங்கேயே தள்ளியிருக்கு. மத்த நாலும் போச்சு. அழிஞ்சே போச்சு. படுபாவி, பிரிச்சுப் பார்த்தா கை தேஞ்சா போயிடும்?

பிப்ரவரி 22

காலையிலிருந்து பதில் எழுதி எழுதி அழித்தேன். எந்த வரியும் போதவில்லை. பத்து மணி வாக்கில் தோன்றியது: போன் பண்ணாதே என்று அவளிடம்தானே சொன்னேன்? நான் பண்ணக்கூடாது என்று யார் சொன்னது?

இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள். "அக்கா?" நான்தான் என்றேன். "எழுத்துல போடணுமா, வாயால சொல்லலாமா?" என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் அழுதோம்.

சட்டைக்கட்டு மாதிரி மெயிலைத் தள்ளிய கதையைச் சொன்னேன். பிறகு, "அடிப்பாவி! என்னையும் சேர்த்துக் கட்டோட திருப்பிட்டியா?"

கீழே நின்று என் ஜன்னலைப் பார்த்தாளாம். அம்மாவின் போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்ததாம். அதைப் பார்த்த பிறகு மேலே ஏறக் கால் வரவில்லையாம்.

அந்த நாலு கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். மறந்துவிட்டதாம். நான் நம்பவில்லை.

மார்ச் 1

இந்த மெயில் பெட்டிக்கு இன்னும் புத்தி வரவில்லை. தங்கையின் கடிதம் இன்றும் குப்பையில்தான் விழுந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து, எடுத்து, வெளியே வைத்தேன். 'ஜனவரி 9-க்கானது, மறுபடியும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறாள்.

"பிறந்தநாள் வாழ்த்து, அக்கா. அம்பத்து மூணு ஆச்சு, இனியாவது பிரிச்சுப் பாரு."