அப்பாவைத் தூக்கக் கூடாது

நெடுந்தீவு மேற்கு,
03.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாய் இருக்கிறம் எண்டு இந்தமுறை எழுத ஏலாமல் இருக்குது. கழுத்தை ஸ்கான் எடுத்தனான். றிப்போட்டின்ரை கொப்பி இதோடை இருக்குது. யாழ்ப்பாணத்து டொக்டர் ஒப்பரேசன் எண்டவர். வெளியிலை சனம் நிறைஞ்சு நிண்டதாலை விளக்கமாய்ச் சொல்ல அவருக்கு நேரமில்லை. நீங்கள் முந்தி நேர்ஸாக இருந்தபடியால் கேட்கிறன். போனிலை கேட்டால் அப்பாவுக்குக் கேட்கும். பாரிசவாதம் நடையையும் பேச்சையும்தான் எடுத்தது, காதை இல்லை. குளிக்க, வெளிக்குப் போக, எல்லாத்துக்கும் நான்தான் அவரைத் தூக்கிறது.

வலி பெரிசில்லை. வலது கை விரல்தான் சட்டைப் பொத்தானைப் பிடிக்குதில்லை. மறைக்காமல் எழுதுங்கோ.

உங்கள் தம்பி,
டினேஷ்


லண்டன்,
21.02.2025

அன்புத் தம்பி டினேஷுக்கு,

றிப்போட்டை மூண்டு தரம் வாசிச்சனான். கழுத்து எலும்புகளுக்கு இடையிலை மெத்தை மாதிரி சவ்வுகள் இருக்குது. உனக்கு ஐந்தாம், ஆறாம் எலும்புக்கு நடுவிலை இருக்கிறது பின்பக்கம் பிதுங்கி, மூளையிலிருந்து இறங்கிற பெரிய நரம்பை நசிக்குது. தேய்மானம் எண்டு எழுதியிருக்கிறதுக்குப் பயப்பிடாதை. நாப்பது தாண்டினால் கனபேருக்கு இருக்கும். நரம்பிலை வெள்ளையாய் ஒரு அடையாளம் எண்டிருக்குதே, அதுதான் கவலை. நரம்பு காயப்படத் தொடங்கியிருக்குது. விரல் சொல்லுக் கேளாததும் அதாலைதான். சுணங்கினால் நடையும் போகலாம். ஒப்பரேசன் முக்கியமாய் இனி மோசமாகாமல் தடுக்க; போனது முழுக்கத் திரும்புமெண்டு சொல்ல ஏலாது.

இனி நீ அப்பாவைத் தூக்கக் கூடாது. ஒருநாளும்.

பின்னை ஆர் தூக்கிறது எண்டு கேட்பாய். எனக்குத் தெரியாது. அகதி வழக்கு முடியாமல் நான் இஞ்சையிருந்து அசைய ஏலாது. ஆறு வருசமாய் உன்னைத் தனிய விட்டிட்டன். கோவிக்காதை.

உன்னையே நினைச்சுக்கொண்டிருக்கும்,
அக்கா கஜாலினி


நெடுந்தீவு மேற்கு,
26.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கடை கடிதம் கிடைச்சும் இரண்டு கிழமை தூக்கினனான். வேறை என்ன செய்யிறது?

ஒருநாள் காலமை தண்ணி அள்ளிக்கொண்டு வந்தால், கடிதம் அப்பாவின்ரை நெஞ்சிலை விரிஞ்சு கிடக்குது. கடிதம் வைச்சிருந்த சட்டையைக் கழற்றி அவரின்ரை தலைமாட்டிலை போட்டது என்ரை பிழை. தூக்கக் குனிஞ்சனான். அவர் இடது கையாலை கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டார். "விடுங்கோ அப்பா" எண்டனான். விடேல்லை. இழுக்க இழுக்கப் பிடி இறுகினது. ஈரப் படுக்கையிலை மத்தியானம் வரைக்கும் அப்பிடியே கிடந்தார்.

பிறகு நான்தான் கேட்டனான், "யாழ்ப்பாணத்திலை கன்னியர் மடத்து முதியோர் இல்லத்துக்குப் போறியளோ?"

கண்ணை மூடிக்கொண்டு ஓமெண்டு தலையாட்டினார்.

திங்கட்கிழமை நாலு பேர் அவரைக் கதிரையோடை தூக்கிப் படகிலை ஏத்தினவை. நான் வெறுங்கையோடை பின்னாலை போனனான்.

ஒப்பரேசன் ஏப்ரல் ஒன்பதாம் திகதி. அதுவரைக்கும் ஒரு வேலையும் செய்யக் கூடாதாம். தூக்கிறதுக்கு அப்பாவும் இல்லை. விரும்பின இடத்துக்குப் போய்வரலாம். ஆனாலும் அந்த வெறுங் கட்டிலுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறன்.

உங்களிலை எனக்கு ஆறு வருசக் கோவம் இருந்தது, அக்கா. இல்லத்து வாசலிலை நானும் அவரை விட்டிட்டுத் திரும்பினாப் பிறகு அது இல்லை.

தம்பி,
டினேஷ்