நெஸ்டாவை ஏன் அனுப்பவில்லை

நெவின்,
1897 ஏப்ரல், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஷோனெட்டுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நெஸ்டாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை கிரிஃபித்தும் ஹாம்பர்க்கில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. படித்து மடித்து வைத்தேன், மறுபடி பிரித்தேன், அப்படியே மூன்று நாள் போய்விட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் பேனா எங்கெங்கோ போகிறது. அதனால் நம் பிரசங்கியார் செய்வதுபோல முதலிலேயே தலைப்புகளைப் பிரித்துக்கொள்கிறேன். அவருக்கு எப்போதும் மூன்றில் அடங்கிவிடும், எனக்கு அடங்கவில்லை.

1. வீட்டுச் செய்தி.
2. நீ ஃபால்மத்திலிருந்து தந்தி கொடுத்தும் நான் குழந்தையை அழைத்துக்கொண்டு வராததற்குக் காரணம்.
3. இந்தப் பயணத்துக்கும் நெஸ்டா என்னிடமே இருக்க வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள்.
4. கேட்ரின் எல்லிஸ் கையில் கொடுத்தனுப்பும் சாமான்கள்.

வீட்டுச் செய்தி அதிகம் இல்லை. குளிர்காலம் முழுவதும் எனக்கு இருந்த இருமல் மார்ச் மாதத்தோடு போய்விட்டது. உருளைக்கிழங்கு நட்டாயிற்று. இந்த வருஷம் கரையில் மத்தி குறைவு, கிடைப்பதும் வெறும் முள்ளாக இருக்கிறது. உன் அம்மாவின் கல்லறையைச் சுற்றி நீ வைத்த மஞ்சள் பூச்செடி தானாகவே பரவி, பக்கத்தில் இருக்கும் காப்டன் ஹியூஸின் கல்லறை வரை போய்விட்டது, அவருடைய மருமகள் முகம் சுளிக்கிறாள், நான் பிடுங்கவில்லை. நெஸ்டாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கணக்கில் கெட்டிக்காரி. பெருக்கல் வாய்பாடு எட்டு வரை தப்பில்லாமல் சொல்கிறாள், பல் இல்லாததால் சில எண்கள் வெறும் காற்றாக வருகின்றன. பக்கத்து வீட்டு கேட்ரின், தன் புருஷன் எல்லிஸைப் பார்க்கத் திங்கட்கிழமை ஹாம்பர்க்குக்குக் கிளம்புகிறாள், உங்கள் கப்பல் சரக்கு இறக்கி முடிக்கும்வரை அங்கே இருப்பாள். துணை மாலுமியின் பெண்டாட்டிக்கு மூன்று வருஷத்தில் இந்த நாலு வாரம்தான் கல்யாண வாழ்க்கை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வரும்.

இரண்டாவது தலைப்பு. இதை எழுதத்தான் மூன்று நாள் ஆயிற்று. மாப்பிள்ளை காப்டனாக இருக்கும் ‘கைன்வென்’ கப்பல் மூன்று வருஷமாக இந்தப் பக்கமே வரவில்லை. சிட்னிக்கு நிலக்கரி, அங்கிருந்து சிலி, அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோ என்று உலகத்தின் மறுபக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் வெடியுப்பு ஏற்றிக்கொண்டு தெற்குக் கரையில் ஃபால்மத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருக்கிறோம், உத்தரவுக்குக் காத்திருக்கிறோம், நெஸ்டாவை உடனே கூட்டிவாருங்கள் என்று நீ தந்தி கொடுத்தாய். நான் இப்படி யோசித்தேன். உத்தரவுக்காக நிற்கும் கப்பல் எத்தனை நாள் நிற்கும் என்று காப்டனுக்கே தெரியாது. நடுக்கடலில் இருக்கும்போதே சரக்கு கைமாறி விற்றிருக்கும், யார் வாங்கினானோ அவன் சொல்லும் துறைமுகத்துக்குப் போக வேண்டும், தந்தி வந்த அன்றே பாய் விரித்துவிடுவார்கள். பக்கத்து ஊரான எடர்னில் ஒரு குடும்பம் போன வருஷம் குழந்தை குட்டிகளோடு ஃபால்மத் வரை போய், கப்பலின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது உனக்குத் தெரியாது. பிள்ளை அதைப் பார்த்தால் மனசு உடைந்துபோகும் என்று நினைத்தேன். இந்த யோசனையில் தப்பில்லை என்றுதான் இன்னமும் தோன்றுகிறது. ஆனால் உனக்கு நான் இதை எழுதவில்லை. நெஸ்டாவுக்குச் சளி, பயணம் கூடாது என்று தந்தி கொடுத்தேன். ஷோனெட், அன்று காலையில் அவள் இரண்டு தும்மல் தும்மியது உண்மை. மத்தியானம் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து குதித்துக்கொண்டிருந்ததும் உண்மை.

கப்பல் மறுநாளே கிளம்பியிருந்தால் நான் செய்தது சரியாகிப் போயிருக்கும். கிளம்பவில்லை. நாளுக்கு நாள் அங்கேயே நின்றது. ஒவ்வொரு நாளும், இன்று உத்தரவு வந்திருக்கும், இனிமேல் புறப்பட்டுப் பயனில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ தினமும் படகில் கரைக்கு வந்து, ரயில் வரும் நேரத்துக்கு நிலையத்தில் போய் நின்றாயாம். சளி சரியாகியிருக்கும், அப்பா கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று சொன்னாயாம். எல்லிஸ் எழுதியதைக் கேட்ரின் என் சமையலறையில் நின்று படித்துக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு, “கப்பல் ஏறாத ஆம்பளைன்னு இந்த ஊர்ல ரெண்டே பேருதான் வாத்தியாரே. நீங்க ஒண்ணு, பள்ளிக்கூடத்துக் கடியாரம் ஒண்ணு. அதுவாவது மணிக்கொரு தடவ வாயத் திறந்து உண்மையச் சொல்லுது” என்றாள். செஸ்டருக்கு அப்பால் நான் போனதில்லை என்று உனக்குத் தெரியும். நாலு இடத்தில் வண்டி மாற வேண்டும், நடுவில் குழந்தை கையை விட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று ராத்திரியெல்லாம் உதறல். எடர்ன் குடும்பத்தைப் பற்றி நினைத்தது அதற்கு அப்புறம்தான் என்று சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாவது தலைப்பு. கேட்ரின் வரும்போது நெஸ்டாவையும் அவளோடு அனுப்பிவையுங்கள், இனிமேல் எங்களோடு கப்பலிலேயே இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆபத்து. எனக்குக் கடல் தெரியாது என்று மாப்பிள்ளை சிரிப்பார், ஆனால் நான் சொல்வதெல்லாம் உன் கடிதங்களிலிருந்து எடுத்ததுதான். பழைய மரக்கப்பல் அலை வந்தால் அதன்மேல் ஏறிப் போகும், இந்த எஃகுக் கப்பல் வயிறு நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு பாறை மாதிரி உட்கார்ந்து அலையைத் தன்மேல் ஏறவிடும் என்று நீதானே எழுதினாய். நெஸ்டாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு அலை தளத்தில் புகுந்து அவளை அடித்துக்கொண்டு போக, தச்சர் அவள் பாவாடையைப் பிடித்து நிறுத்தினார், அதற்கப்புறம் நீ அவளை ஆட்டுக்குட்டியைப்போல் இடுப்பில் கயிறு கட்டித்தான் வெளியே விட்டாய். கேபினின் இரும்புச் சுவர் வியர்த்துப் படுக்கைமேல் சொட்டும், கேப் ஹார்ன் முனையின் குளிரில் அந்த இரும்பில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்றும் எழுதினாய். அங்கே மார்புச் சளி வந்துதான் அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். அடுத்த தடவை வந்தால் நடுக்கடலில் எந்த டாக்டரைக் கூப்பிடுவாய்?

இரண்டாவது, படிப்பு. இவ்வளவு நன்றாக வரும் பிள்ளையை நிறுத்தக் கூடாது. நீ சொல்லிக்கொடுப்பாய் என்று தெரியும், நீ என்னிடம் படித்தவள். இருந்தாலும் தன் வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து படிப்பது வேறு.

மூன்றாவது காரணத்தை எழுத எனக்கு மனசில்லை, உன்னைப் புண்படுத்தும். ஆனால் மற்ற இரண்டையும்விட அதுதான் கனமானது. குழந்தைக்குக் கப்பல் நினைவே இல்லை. அம்மா எப்போது வருவார் என்று இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. முதல் மாதங்களில் கேட்பாள், அழுவாள் என்று பயந்து, பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினால் கவனமாகக் கேட்டுக்கொள்வாள், முடிந்ததும் எழுந்து விளையாடப் போவாள். அவளுக்கு இந்த வீடு பழகிவிட்டது. மறந்துபோன இடத்துக்கு அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவளுக்குச் செய்யும் கொடுமை என்று நினைக்கிறேன்.

இதுவரை எழுதி மை காயட்டும் என்று வைத்திருந்தேன். அப்போது கேட்ரின் மூட்டையை வாங்கிப்போக வந்தாள். நெஸ்டா மேஜைக்கு அந்தப் பக்கம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், அலங்கரிக்கத் தெரியாது. கேட்ரின் அவளைப் பார்த்து, “ஏண்டி பொக்கவாயி, உங்கம்மாவப் பாக்கப் போறேன். என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள். நெஸ்டா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “உத்தரவு வந்துடுச்சான்னு மட்டும் கேளுங்க அத்தை” என்றாள். கேட்ரின் சிரித்தாள். “என்னடி உத்தரவு? நீ என்ன வெடியுப்பா ஏத்தி வச்சிருக்க?” நெஸ்டா சிரிக்கவில்லை. “எனக்கு வர வேண்டியது. அப்பா போறப்ப சொன்னாங்க, உத்தரவு வர்ற வரைக்கும் நீ தாத்தா வீட்டுல நங்கூரம் போட்டிருக்கணும், தாத்தாவ நச்சரிக்கக் கூடாதுன்னு. கப்பல்ல யாரும் எப்போன்னு கேக்க மாட்டாங்க. கேட்டா அப்பாவுக்குக் கோவம் வரும்” என்றாள்.

கேட்ரின் என் பக்கம் திரும்பினாள். அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை. “மூணு வருஷமா புள்ள உத்தரவுக்கு நிக்குது. நீங்க அதச் சட்டப் பையில வச்சிக்கிட்டு வெண்ணெ போட்டுக் குடுக்குறீங்க, வாத்தியாரே” என்றாள்.

பைக்குள் உன் கடிதம் இருந்தது. அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, எல்லாருக்குமே தெரிந்திருக்கும்போல.

நான் நெஸ்டாவிடம் கேட்டேன், கப்பல் ஞாபகம் இருக்கிறதா என்று. தலையாட்டினாள். அலை, குளிர், இருட்டு எல்லாம் இருக்குமே, பயமாக இருக்காதா என்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், இருக்கும் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். சொல்லவும் சொன்னாள். “பயமாத்தான் இருக்கும் தாத்தா. ஆனா அங்க நான் பயந்தா எல்லாருக்கும் தெரியும். ஓடி வருவாங்க. இங்க பயந்தா யாருக்கும் தெரியாது” என்றாள். சொல்லிவிட்டு ரொட்டியைச் சாப்பிட்டாள்.

உன் தந்தி வந்த நாளில் நடந்த ஒன்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவின் கப்பல் ஃபால்மத்துக்கு வந்திருக்கிறது என்று அவளிடம் அன்றைக்கே சொன்னேன். ஒன்றும் கேட்காமல் மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பூட்ஸை இழுத்துக் கட்டிக்கொண்டு, கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே விளையாடப் போகிறாள் என்று நினைத்து, மழை பெய்கிறது என்று சொல்லி நானே குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். காலை நீட்டிக் காட்டினாள். மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், மறுநாளும் கழற்றினேன். மூன்றாம் நாள் அவள் பூட்ஸ் போடவில்லை. நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மனசுக்குள் மெச்சினேன்.

நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். கேள்வி கேட்காத பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைப்பது வாத்தியார்களின் சோம்பேறித்தனம், அது என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

நான்காவது தலைப்பு. கேட்ரின் மூட்டையில் இரண்டு கம்பளிச் சட்டை, மாப்பிள்ளைக்கு முழங்கால் வரை வரும் காலுறை நாலு ஜோடி, பழம் போட்ட ரொட்டி ஒன்று இருக்கின்றன. கூடவே நெஸ்டாவும் வருகிறாள். உத்தரவு வந்துவிட்டது, திங்கட்கிழமை புறப்பாடு என்று சொன்னேன். “எந்தத் துறைமுகம்?” என்று மட்டும் கேட்டாள். ஹாம்பர்க் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் தன் வாய்பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைக்கப் போனாள். நானும் ஹாம்பர்க் வரை வருகிறேன் என்று எழுத ஆசை. என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, இன்னொரு தடவை உன்னை நிலையத்தில் நிறுத்திவைக்கக் கூடாது. கிரிம்ஸ்பி துறைமுகம் வரை கூட வந்து, அவர்கள் நீராவிக் கப்பலில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகக் கேட்ரினிடம் சத்தியம் செய்திருக்கிறேன். செஸ்டரைத் தாண்டியதும் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். “கயிறு கொண்டுவரேன், ஒரு முனையில புள்ள, மறுமுனையில நீங்க” என்கிறாள்.

மூன்றாவது தலைப்பைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். அப்படியே விட்டுவிட்டேன். உன் பிள்ளையை நான் எப்படி வாதாடி வாதாடி வைத்துக்கொண்டேன் என்று நீ பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் திட்ட வேண்டுமானால் திட்டு.

அவளுக்குத் தொண்டையில் கரகரப்பு வந்தால் வெங்காயத்தைத் தேனில் ஊறவைத்துக் கொடு, மறக்காதே. இடுப்புக் கயிறு இப்போது நீளம் போதாது, வளர்ந்துவிட்டாள். காற்றையும் கடலையும் ஆளுகிறவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. உன் அம்மா இருந்திருந்தால் என்ன ஆசி சொல்வாளோ அதையும் சேர்த்துக்கொள்.

ஆபத்தைப் பற்றிச் சொன்னது சரி. படிப்பைப் பற்றிச் சொன்னதும் சரி என்றே இன்னும் நினைக்கிறேன். குழந்தை உன்னை மறந்துவிட்டாள் என்று எழுதினேனே, அது தப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
எலியஸ் ஹம்ஃப்ரிஸ்