இல்லாத புள்ளிக்கு ஐந்து மதிப்பெண்

மார்ச் 9
விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியது. மின்விசிறியில் சத்தம் மட்டும்தான், காற்றைக் காணோம். பதினான்காம் கேள்வி நான் தயாரித்தது: இரு வட்டங்களின் வெளி ஒப்புமை மையம் காண்க. அதாவது, இரண்டையும் மேலே ஒன்று, கீழே ஒன்றாகத் தொட்டுச் செல்லும் கோடுகள் சந்திக்கும் புள்ளி. விடை (32, 3). ஐந்து மதிப்பெண்.

மார்ச் 10
பக்கத்து மேசை ஆசிரியை ஒரு தாளை நீட்டினார். "ரெண்டு ஆரமும் சமம், கோடுகள் இணை, அப்படி ஒரு புள்ளியே கிடையாதுன்னு இந்தப் பொண்ணு எழுதியிருக்கா. சைபர் போட்டுட்டேன். நீங்களும் ஒரு தடவை பாருங்க."

அந்தப் பெண் எழுதியதுதான் சரி. இரண்டாம் வட்டத்தின் மையம் (12, 3), ஆரம் 2. சமன்பாட்டில் கடைசி எண் 149. நோட்டிலிருந்து படியெடுக்கும்போது 144 என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டின் வர்க்கம், கை தானாகப் போய்விட்டது. ஆரம் 3 ஆகி, முதல் வட்டத்துக்குச் சமமாகிவிட்டது. இருபத்திரண்டு வருட சர்வீஸ். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 11
நேற்றைவிட மோசம். ஒரே விடைத்தாள் கட்டுக்குள் பதினோரு பேர் (32, 3) என்று எழுதியிருக்கிறார்கள். அச்சான கேள்வியிலிருந்து அந்த விடை வரவே வராது. வகுக்கும் இடத்தில் பூஜ்யம் வரும். அதைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். தேர்வுக்கு முன் அந்த விடை இருந்தது என் நோட்டில் மட்டும். கட்டு, தெருமுனைப் பள்ளியுடையது. அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டு முன்னறையில் தம்பியிடம் டியூஷன் படிப்பவர்கள்.

மார்ச் 12
கேட்டேன். தம்பி மறுக்கவில்லை. "மாதிரிக் கணக்குன்னு சொல்லித்தான் போட்டுக் காட்டினேன். கேள்வி தப்புன்னு மட்டும் எழுதிக் குடு, அக்கா. எல்லாருக்கும் அஞ்சு மார்க் போட்டுருவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

அதுதான் நடக்கும். யாரும் தோண்டமாட்டார்கள். அவனுக்கு அந்த டியூஷன்தான் பிழைப்பு. என்னையே கேட்டுக்கொண்டேன்: நோட்டை ஏன் மேசைமேலேயே போட்டு வெச்சே? அறிவு வேணாம்?

மார்ச் 13
கடிதம் எழுதினேன். ஒரு பத்தி, கேள்வியில் பிழை என்று மட்டும். கொடுக்கவில்லை.

மார்ச் 16
இரண்டாவது பத்தியும் சேர்த்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது என்பதையும் எழுதியிருக்கிறேன். முகாம் அலுவலர் இருமுறை படித்தார். "உங்க சொந்தத் தம்பியா, மேடம்?"

"ஆமா சார்."

ஏப்ரல் 2
இனி கேள்வி தயாரிக்கவோ விடைத்தாள் திருத்தவோ என்னை அழைக்கமாட்டார்கள். உத்தரவு வந்துவிட்டது. தம்பி முன்னறையைக் காலி செய்கிறான். கரும்பலகையைத் தனியாக இறக்க முடியவில்லை. "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடி" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. போய்ப் பிடித்தேன்.