வாத்து வீட்டுக்குப் போகாமல் இருக்க

அலோர் காஜா, மலாக்கா,
வியாழக்கிழமை.

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நானும் லோஷினியும் சுகம். சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசலாம்தான். ஆனால் பிள்ளையின் ரிப்போர்ட் என்று ஆரம்பித்தாலே நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அங்கே வரும் சாந்தி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

லோஷினிக்கு ஐந்து வரைகூட எண்ணத் தெரியவில்லை என்று பாலர் வகுப்புக் கம்ப்யூட்டர் ரிப்போர்ட் கொடுத்ததும், நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, அன்றிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். வீட்டுப் படிக்கட்டை எண்ணிக்கொண்டே ஏறுகிற பிள்ளை அல்லவா இவள்? எங்கள் பேக்டரியில் எல்லாச் சாமானும் ரிஜெக்ட் என்று வந்தால், முதலில் மெஷினைத்தான் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். உஷாராணி டீச்சரிடம் கேட்டு, வகுப்பின் பின்னால் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் தாடையில் இடித்தது.

இருபது பிள்ளைகளுக்கு இரண்டே கம்ப்யூட்டர். ஒருத்தர் மவுஸைப் பிடிக்க நாலு பேர் சுற்றி நின்று, அம்மாடி, என்ன பேச்சு! திரையைப் பார்த்தால் வாயடைத்துப் போவார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்? அந்த ரிப்போர்ட்டுக்கு மார்க் போடுகிற விளையாட்டு இதுதான். குளத்தில் எத்தனை மீன் என்று எண்ணிச் சரியான எண்ணை அமுக்கினால், ஒரு வாத்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். தப்பாக அமுக்கினால் தொபுக்கடீர் என்று தண்ணீரில் விழுந்து, சிறகை உதறிக்கொண்டு மறுபடியும் வரும்.

லோஷினியின் முறை வந்தது. மூன்று மீன். விரல் வைத்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சரியாக எண்ணிவிட்டு ஐந்தை அமுக்கினாள்! தொபுக்கடீர். எல்லாரும் குதிக்கிறார்கள். அடுத்த குளத்துக்கு, பக்கத்தில் நின்ற நிவேந்திரன், "நாலு மீன்லா, ஏழு அமுக்கு" என்று சொல்லிக்கொடுக்கிறான். சரியான விடை தெரியாமல் இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் பண்ண முடியுமா, நீயே சொல்! எனக்கும் கை துறுதுறுத்தது. போய்ச் சரியான எண்ணை அமுக்கினேன். "அலாமாக், அங்கிள்! போச்சு!" என்று என்னை விரட்டிவிட்டார்கள்.

டீச்சரும் சிரித்துவிட்டார். மற்றப் பிள்ளைகளைப் பார்க்கவே நேரம் போய்விடுகிறது, இங்கே பின்னால் நின்று பார்த்ததில்லை, ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்த்தேன் என்று பாவம், ஒத்துக்கொண்டார். லோஷினியைக் கூப்பிட்டுக் கூழாங்கற்களை எண்ணச் சொன்னார். இருபது வரை கடகடவென்று எண்ணினாள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். வீட்டுக்கு வரும்போது காரில், வாத்து விழுந்தால் அவ்வளவு சிரிப்பா பாப்பா என்று கேட்டுவைத்தேன். மற்றப் பிள்ளைகளுக்குச் சிரிப்புதான். இவள் சொன்னது வேறு.

"சரியா போட்டா வாத்து கதவ சாத்திட்டுப் போயிடுதுப்பா. தப்பா போட்டா திரும்ப வருது. நான் தப்பா போட்டதுக்குத்தானே அம்மாவும் வர்றாங்க?"

நாம் போனில் போட்ட சண்டையெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது, நிர்மலா. காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். இனிமேல் சரியாகப் போடு பாப்பா என்றேன். போட்டா அம்மா வருவாங்களா என்று கேட்டாள். உன்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

நேற்று அத்தனையும் சரி என்று டீச்சர் சொன்னார். பத்து முறையும் வாத்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாம். இவள் சிரிக்கவே இல்லையாம்.

வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். அந்த வேலை கிடைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? ஆனால் பிள்ளை மக்கு என்று நினைத்து மட்டும் வராதே. அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு நாள் லீவு கேட்டுப் பார். எல்லாம் சரியாகப் போட்டாலும் அம்மா வருவாள் என்று அவள் பார்க்க வேண்டும். வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்போம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
சேகரன்